நகலுக்கு அடங்காத சுருள்வில்

1769-ஆம் ஆண்டு லண்டனில் லார்க்கம் கெண்டல் என்ற கடிகாரக் கைவினைஞர் ஒரு நகலைச் செய்து முடித்தார். மூலம் ஜான் ஹாரிசனுடையது. இன்று எச்4 என்று அழைக்கப்படும் அந்தக் கடிகாரம் சுமார் 13 செ.மீ. விட்டமும் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையும் கொண்டது. நடுக்கடலில் நிற்கும் கப்பலுக்குத் தன் தீர்க்கரேகை தெரிய வேண்டுமானால், புறப்பட்ட இடத்தின் நேரமும் கூடவே வர வேண்டும். பூமி 4 விநாடிகளில் ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, சுழல்கிறது. நிலநடுக்கோட்டில் அது ஒரு கடல் மைல். 1761-62-இல் ஜமைக்காவுக்குப் போன சோதனைப் பயணத்தில், முன்பே அளந்து வைத்திருந்த அன்றாடப் பிசகைக் கழித்துப் பார்த்தபோது, ஹாரிசனின் கடிகாரம் 81 நாட்களில் சுமார் 5 விநாடிகளே பின்தங்கியிருந்தது.

கடலில் தீர்க்கரேகை காணும் வழிக்கான பரிசுப் பணத்தைக் கையில் வைத்திருந்த தீர்க்கரேகை வாரியத்துக்கு அது போதவில்லை. ஒரு மேதையின் கையில் ஒருமுறை வாய்த்த அதிர்ஷ்டமாக அது இருந்தால்? ஹாரிசனைத் தவிர வேறு யாராலும் இதைச் செய்ய முடியாதென்றால் கடற்படைக்கு என்ன பயன்? 1765 ஆகஸ்டில் ஆறு நிபுணர்கள் முன்னிலையில் ஹாரிசன் தன் கடிகாரத்தைக் கழற்றி விளக்க வேண்டியிருந்தது. அந்த ஆறு பேரில் ஒருவர் கெண்டல். பிறகு வாரியம் அவரிடமே 450 பவுண்டுக்கு ஒரு நகல் கேட்டது.

கே1 என்று பெயர்பெற்ற அந்த நகலை ஜேம்ஸ் குக் 1772-இல் தன் இரண்டாம் பயணத்துக்கு எடுத்துச் சென்றார். அண்டார்க்டிக் பனிக்கும் பசிபிக் வெயிலுக்கும் நடுவே மூன்றாண்டு ஓடியது அது. ஒரு நாளின் பிசகு 8 விநாடியைத் தாண்டவில்லை. ஹாரிசனின் அறிவு அவர் கையைவிட்டு வெளியே வந்துவிட்டது என்பதற்கு அந்த நகல்தான் முதல் நிரூபணம்.

அடுத்து நடந்தது எனக்கு இன்னும் சுவையாகப் படுகிறது. விலையைக் குறைக்க 200 பவுண்டில் கே2-வைச் செய்தபோது ஹாரிசனின் ஓர் உறுப்பைக் கெண்டல் விட்டுவிட்டார். முதன்மை வில் ஒரு சிறு துணைவில்லுக்கு ஏழரை விநாடிக்கு ஒருமுறை சாவி கொடுக்கும். அந்தத் துணைவில், விசையைச் சிறிது சிறிதாக விடும் தப்பிப்புச் சக்கரத்துக்கு எப்போதும் ஒரே அளவு விசை தரும். அந்த ஏற்பாடு இல்லாத கே2, கே1 அளவுக்கு நேரம் காக்கவில்லை. மூலத்தில் எது அலங்காரம், எது உயிர்நாடி என்பதை நகல் காட்டிக்கொடுத்தது.

கைக்கடிகாரங்களை வீட்டு மேசையில் கட்டுபவர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். புகழ்பெற்ற பழைய முக்குளிப்பு வாட்சையோ விமானப்படை வாட்சையோ மாதிரியாக எடுத்துக்கொண்டு, கேஸ், டயல், முட்கள், கண்ணாடி, மூவ்மெண்ட் என்கிற உள் இயந்திரம் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கிக் கோக்கிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது விலையுயர்ந்த வாட்சை மலிவாகக் கட்டிக்கொள்ளும் வழியாகத் தெரியலாம். எனக்கு இது கெண்டல் செய்த அதே சோதனைதான். நகல் எடுத்துப் பார்த்தால்தான் ஒரு கடிகாரத்தில் எது எளிதில் பெயர்த்தெடுக்கக்கூடியது, எது எளிதில் பிடிபடாதது என்று தெரிகிறது.

இந்தப் பொழுதுபோக்கு நடக்கக் காரணம், ஓர் ஊரில் செய்த உறுப்பு இன்னோர் ஊரில் செய்த உறுப்போடு பொருந்துவதுதான். 1850-களில் அமெரிக்காவின் வால்தம் ஆலை அந்த வழியைத் தொடங்கியது. அதுவரை ஒவ்வொரு கடிகாரத்தின் உறுப்புகளும் ஒன்றுக்கொன்று அராவிப் பொருத்தப்பட்டவை. ஒன்றின் சக்கரம் இன்னொன்றில் உட்காராது. இன்று பொழுதுபோக்காளர்கள் அதிகம் வாங்குவது ஜப்பானின் சீக்கோ குழுமம் பிற தயாரிப்பாளர்களுக்கு விற்கும் என்எச்35 மூவ்மெண்ட். 27.4 மி.மீ. விட்டம், 5.32 மி.மீ. தடிமன், 24 ஜுவல்ஸ், முழுச்சாவியில் 41 மணி நேர ஓட்டம். இந்த அளவுகளை நம்பி உலகின் எத்தனையோ பட்டறைகள் கேஸ்களையும் டயல்களையும் செய்து குவிக்கின்றன. சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் இந்த இயந்திரத்துக்குள் முந்நூற்றைம்பது ஆண்டு இயற்பியல் உட்கார்ந்திருக்கிறது.

அதன் வேலையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். உருளைக்குள் சுருட்டி வைத்த முதன்மை வில் விரிய முயல்கிறது. அந்த விசை பற்சக்கர வரிசை வழியே போகப் போக வேகம் கூடி, வலிமை குறைகிறது. மணிக்கு ஒருமுறை சுற்றும் சக்கரத்திலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றும் சக்கரம், அதிலிருந்து தப்பிப்புச் சக்கரம். தடுக்க ஆள் இல்லையென்றால் சில நொடிகளில் வில் முழுவதும் விரிந்து தீர்ந்துவிடும். தடுப்பது ஒரு சிறு கவை. 1750-களில் ஆங்கிலேயரான தாமஸ் மட்ஜ் உருவாக்கிய நெம்புகோல் முறையின் வழித்தோன்றல் அது. கவையின் இரு முனைகளிலும் செயற்கை மாணிக்கக் கற்கள்; ஒரு கல் தப்பிப்புச் சக்கரத்தின் பல்லைப் பிடிக்கும், மற்றது விடும். பிடித்து விடும் ஒவ்வொரு முறையும், முன்னும் பின்னும் அலையும் பேலன்ஸ் சக்கரத்துக்கு ஒரு மெல்லிய உந்தல் கிடைக்கும். காதில் விழும் டிக் ஓசை அங்கிருந்து வருவது.

எச்4 விநாடிக்கு ஐந்து முறை டிக்கென்றது; மணிக்கு 18,000. அதற்கு இருநூறு ஆண்டு கழித்து வந்த எத்தனையோ கைக்கடிகாரங்களும் அதே 18,000-ஐத்தான் கடைப்பிடித்தன. என்எச்35-க்கு 21,600. சுவிட்சர்லாந்தின் ஈடிஏ 2824 மூவ்மெண்டுக்கு 28,800. எண்ணிக்கை கூடினால் விநாடி முள் வழுக்கிச் செல்வதுபோல் தெரியும். கை அசைவால் ஏற்படும் தடங்கலும் சீக்கிரம் சரியாகிவிடும். உராய்வும் தேய்மானமும் அதற்குக் கொடுக்கும் விலை.

மேலே சொன்ன எல்லாவற்றையும் நகல் எடுக்கலாம். சக்கரத்தின் பற்களை உருப்பெருக்கியில் எண்ணலாம், தட்டின் தடிமனை மைக்ரோமீட்டரில் அளக்கலாம், துளைகளின் இடங்களைக் கணினியில் பதியலாம். வடிவம் ஒளிந்துகொள்வதில்லை. நகல் எடுப்பவன் கை நடுங்கும் இடம் ஒன்றே ஒன்று: பேலன்ஸ் சக்கரத்தோடு சேர்ந்த ஹேர்ஸ்பிரிங்.

தலைமுடி போன்ற ஒரு சுருள்வில் அது. 1675-இல் டச்சு அறிஞர் கிறிஸ்தியான் ஹைகன்ஸ் அதைக் கடிகாரத்துக்குள் கொண்டுவந்த பிறகுதான் சட்டைப்பைக் கடிகாரங்கள் நாளுக்குச் சில நிமிடப் பிசகு என்ற நிலைக்கு வந்தன. அதற்கு முன் பிசகை மணிக்கணக்கில்கூட எண்ண வேண்டியிருந்தது. பேலன்ஸ் சக்கரம் ஒரு பக்கம் சுழலும்போது சுருள் இறுகுகிறது; இறுகிய அளவுக்கு எதிர்விசை கூடுகிறது; சக்கரம் திரும்புகிறது. எதிர்விசை திருப்பிய கோணத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும்வரை, சக்கரம் நிறையச் சுழன்றாலும் கொஞ்சம் சுழன்றாலும் ஒரு அலைவுக்கு ஆகும் நேரம் மாறாது. ஊஞ்சலைப் பலமாகத் தள்ளினாலும் மெதுவாகத் தள்ளினாலும் போய்வரும் நேரம் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதற்கும் அடிப்படை இதுதான். காலையில் முழுச்சாவியோடு ஓடும் வாட்சும் மறுநாள் மாலை சாவி தீரும் நேரத்தில் ஓடும் வாட்சும் ஒரே நேரம் காட்டுவதற்கு இந்தப் பண்பையே நம்பியிருக்கிறோம்.

அலைவு நேரத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: சக்கரத்தின் சுழற்சி நிலைமம், சுருளின் விறைப்பு. விறைப்பு எதைப் பொறுத்தது? சுருள் செய்த உலோகத்தின் மீள்தன்மை, நாடாவின் அகலம், நீளம், தடிமன். அகலத்துக்கு நேர்விகிதம், நீளத்துக்கு எதிர்விகிதம். தடிமனுக்கோ மும்மடிப் பெருக்கம். தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும்.

இந்த மும்மடிதான் நகலின் எதிரி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூலத்தைவிட நகலின் சுருள் தடிமனில் 1 சதவீதம் கூடிவிட்டது என்று வையுங்கள். விறைப்பு 3 சதவீதம் கூடும். அலைவு நேரம் விறைப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எனவே வாட்ச் ஒன்றரை சதவீதம் வேகமாக ஓடும். ஒரு நாளில் 86,400 விநாடிகள். அதில் ஒன்றரை சதவீதம் ஏறக்குறைய 1,300 விநாடி. தினமும் இருபத்தோரு நிமிடத்துக்கு மேல் முந்திப்போகும் ஒரு வாட்ச்!

இதையே திருப்பிப் போடுவோம். நாளுக்குப் 10 விநாடிக்குள் பிசகு இருக்க வேண்டுமென்றால் தடிமன் எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும்? 0.008 சதவீதத்துக்குள். சுருள் நாடாவின் தடிமன் 0.03 மி.மீ. என்று வைத்தால், அனுமதிக்கப்படும் பிழை இரண்டு சொச்சம் நானோமீட்டர். பத்து இரும்பு அணுக்களை வரிசையாக வைத்தால் வரும் நீளம். கம்பியை இழுத்துத் தட்டையாக்கும் எந்த ஆலையும் இந்தத் துல்லியத்தை வழக்கமான உற்பத்தியில் தொடுவதில்லை. சுவிஸ் ஆலையும் இதற்கு விலக்கில்லை.

அப்படியானால் நம் கையிலிருக்கும் வாட்சுகள் எப்படி நேரம் காட்டுகின்றன? இந்த இடத்தில் உற்பத்தி முறை மாறிவிடுகிறது. அச்சு அசலாக ஒன்றுபோல் செய்யும் முயற்சியைக் கைவிட்டு, வேறுபாட்டை ஏற்றுக்கொண்டு ஜோடி சேர்க்கிறார்கள். செய்து முடித்த சுருள்களை விறைப்பின்படி வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். பேலன்ஸ் சக்கரங்களையும் நிலைமத்தின்படி பிரிக்கிறார்கள். விறைப்பான சுருளுக்குக் கனமான சக்கரம், தளர்ந்த சுருளுக்கு இலேசான சக்கரம் என்று இணைக்கிறார்கள். மிச்சமிருக்கும் சிறு பிசகுக்குச் சுருளின் நீளம் கைகொடுக்கிறது. 10 செ.மீ. நீளமுள்ள சுருளில் நாளுக்குப் 10 விநாடி என்பது 0.02 மி.மீ. நீளத்துக்குச் சமம். பேலன்ஸுக்கு மேலே இருக்கும் சிறு நெம்புகோலை ஒரு மயிரிழை நகர்த்தினால் சுருளின் உழைக்கும் நீளம் அந்த அளவுக்கு மாறும். விலை கூடிய சில வாட்சுகளில் சுருளைத் தொடாமல், பேலன்ஸ் வளையத்தில் பதித்த சிறு எடைகளைத் திருப்பி நிலைமத்தை மாற்றுவார்கள்.

ஆக, துல்லியம் என்பது ஆலையில் பிறந்து உறுப்புக்குள் குடியிருக்கும் பொருளல்ல. இந்தச் சுருளுக்கும் இந்தச் சக்கரத்துக்கும் இடையில் ஒருவர் உட்கார்ந்து செய்துவைத்த சமரசம் அது. இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து நான் மலிவான மூவ்மெண்டுகளை மதிப்போடு பார்க்கத் தொடங்கினேன். என்எச்35-க்குத் தயாரிப்பாளர் தரும் உறுதி, நாளுக்கு 20 விநாடி பின்னோக்கியும் 40 விநாடி முன்னோக்கியும் போகலாம் என்பதே. ஆனால் பொறுமையாகச் சரிசெய்தால் அதைவிடப் பலமடங்கு நெருக்கமாக ஓட அதனால் முடியும். ஆலையில் செலவிடாத அந்த நேரத்தைச் செலவிட பொழுதுபோக்காளனிடம் வசதி இருக்கிறது.

உலோகமும் எளிதில் நகலாகாது. சாதாரண எஃகுச் சுருள் வெப்பம் ஏற ஏறத் தளரும். ஒரு செல்சியஸ் பாகைக்கு நாளொன்றுக்குச் சுமார் 11 விநாடி பின்தங்கும். மதுரை வெயிலிலிருந்து கொடைக்கானல் குளிருக்குப் போனால் நிமிடக்கணக்கில் மாறும். ஹாரிசன் இதைப் பித்தளையும் எஃகும் சேர்த்த இரட்டை உலோகப் பட்டையால் சமாளித்தார். வெப்பத்தில் அந்தப் பட்டை வளைந்து சுருளின் உழைக்கும் நீளத்தைக் குறைக்கும். சிக்கலை உலோகத்துக்குள்ளேயே தீர்த்தவர் சார்லஸ் எதுவார் கியோம். நிக்கல்-எஃகுக் கலவைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, வெப்பத்தில் ஏறக்குறைய விரியாத இன்வாரையும் மீள்தன்மை மாறாத எலின்வாரையும் கண்டறிந்தார். 1920-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அவருடைய தந்தையும் கடிகாரத் தொழிலில் இருந்தவர். 1930-களில் ரைன்ஹார்ட் ஸ்ட்ரௌமன் உருவாக்கிய நிவராக்ஸ் கலவை அந்த வழியில் அடுத்த படி. சுருளைப் பார்த்து அதன் வடிவத்தை வரையலாம். எந்தக் கலவை, எவ்வளவு வெப்பத்தில் எத்தனை நேரம் பதப்படுத்தியது என்பதைக் கண்ணால் படிக்க முடியாது.

இனி மேசைக்கு வருவோம். கட்டும் வேலையில் பெரும்பகுதி தூசியோடு நடக்கும் போராட்டம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, விரல்களில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, காற்றுப் பந்தால் ஊதி ஊதி வேலை செய்ய வேண்டும். கறுப்பு டயலின்மேல் விழுந்த ஒரு துணுக்கு, கண்ணாடியை மூடிய பிறகுதான் கண்ணில் படும். ரோடிகோ என்கிற பசையின் ஒரு சிறு உருண்டையால் ஒற்றி எடுப்பார்கள்.

முட்களைப் பொருத்துவது நிதானத்தைக் கேட்கும் வேலை. என்எச்35-க்கு மணி முள்ளின் துளை 1.50 மி.மீ., நிமிட முள்ளுக்கு 0.90, விநாடி முள்ளுக்கு 0.20. அந்த 0.20 மி.மீ. துளையை ஊசிமுனை அச்சில் சாமணத்தால் நிறுத்தி, நேர்குத்தாக அழுத்த வேண்டும். தேதி காட்டும் மூவ்மெண்டாக இருந்தால் முதலில் கிரவுன் என்கிற பக்கத் திருகைச் சுழற்றித் தேதி மாறும் கணத்தைப் பிடித்து, அந்த இடத்தில் இரு முட்களையும் பன்னிரண்டில் வைக்க வேண்டும். இல்லையென்றால் தேதி மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாறும். மூன்று முட்களும் ஒன்றையொன்று உரசாமல், டயலையும் கண்ணாடியையும் தொடாமல் சுற்ற இருக்கும் இடைவெளி காகிதத் தடிமன்தான். பிறகு கிரவுனின் தண்டை வெட்டுவது. நீளமாக வரும் தண்டைக் கேஸுக்கு ஏற்ப அளந்து வெட்டி அராவ வேண்டும். கூடுதலாக வெட்டிவிட்டால் வேறு தண்டு வாங்குவதைத் தவிர வழியில்லை. ஆகையால் கொஞ்சம் கொஞ்சமாகவே வெட்டுவார்கள்.

மூடிய பின் நீர்ச்சோதனை. இதற்கான எளிய கருவி இயற்பியல் வகுப்பில் காட்ட ஏற்றது. பாதி நீர் நிரப்பிய தடித்த உருளைக்குள், நீருக்கு மேலே காற்றில் வாட்சைத் தொங்கவிட்டு, காற்றழுத்தத்தை ஏற்றுகிறோம். கசிவு இருந்தால் அழுத்தக் காற்று வாட்சுக்குள் புகுந்துவிடும். சில நிமிடம் கழித்து வாட்சை நீருக்குள் இறக்கி, அழுத்தத்தை மெல்லக் குறைக்கிறோம். உள்ளே புகுந்த காற்று இப்போது வெளியேற வேண்டும். எந்த இடத்தில் குமிழி வருகிறதோ அங்கேதான் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை. குமிழியைக் கண்டதும் வாட்சை உடனே நீரிலிருந்து தூக்கிவிட வேண்டும். காற்று வெளியேறிக்கொண்டிருக்கும்வரை நீர் உள்ளே போகாது.

எனக்கு மிகப் பிடித்த கருவி டைம்கிராஃபர். வாட்சைப் பிடித்துக்கொள்ளும் தாங்கியில் ஓர் ஒலிவாங்கி. பக்கத்தில் ஒரு சிறு திரை. நமக்கு ஒற்றை டிக்காகக் கேட்கும் ஓசை உண்மையில் மூன்று ஓசைகளின் கொத்து. பேலன்ஸின் கல் கவையைத் தட்டுவது முதலாவது. தப்பிப்புச் சக்கரத்தின் பல் வழுக்கி உந்துவது இரண்டாவது. கவை தன் எல்லையில் போய் முட்டுவது மூன்றாவது. முதல் ஓசைக்கும் கடைசி ஓசைக்கும் இடையில் பேலன்ஸ் கடக்கும் கோணம் ஒவ்வொரு மூவ்மெண்டுக்கும் நிலையானது. என்எச்35-க்கு 53 பாகை. அந்தக் கோணத்தை எவ்வளவு சீக்கிரம் கடக்கிறது என்று அளந்தால், மொத்தத்தில் எவ்வளவு தூரம் வீசிச் சுழல்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். நல்ல நிலையில் உள்ள மூவ்மெண்ட் முழுச்சாவியில் ஏறக்குறைய 270 முதல் 300 பாகை வரை வீசும். 200-ஐ ஒட்டி இறங்கினால் எண்ணெய் காய்ந்திருக்கிறது அல்லது எங்கோ அழுக்கு என்று பொருள். மூடியைத் திறக்காமல், ஓசையை வைத்தே உள்ளே நடப்பதைப் படித்துவிடுகிறோம்.

டயல் மேலே பார்த்தபடி ஒரு அளவு, கிரவுன் கீழே இருக்க ஓர் அளவு, இடப்பக்கம், வலப்பக்கம் என்று வாட்சைத் திருப்பித் திருப்பி வைத்து அளக்க வேண்டும். படுத்த நிலையில் பேலன்ஸின் அச்சு தன் கூர்முனையில் நின்று சுழலும். நிமிர்ந்த நிலையில் அச்சின் பக்கவாட்டில் சாய்ந்து சுழலும். உராய்வு கூடும், வீச்சு குறையும், ஓட்டமும் மாறும். திடீரென்று ஒரு வாட்ச் நாளுக்குப் பல நிமிடம் முந்தினால் முதலில் காந்தத்தைச் சந்தேகிக்க வேண்டும். ஒலிபெருக்கியோ கைப்பையின் காந்தப் பூட்டோ சுருளைக் காந்தமாக்கியிருக்கும். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, உழைக்கும் நீளம் குறைந்திருக்கும். காந்தநீக்கி ஒன்றால் சில நொடிகளில் சரியாகிவிடும்.

நகலைப் பற்றி இவ்வளவு மதிப்போடு பேசும்போது போலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் ஊர்க் கடைகளில் ஃபர்ஸ்ட் காப்பி என்று விற்பவை அடுத்தவரின் பெயரைத் தாங்கி வருபவை. அந்த ஒரு சொல் டயலில் ஏறியதும் பொருளே மாறிவிடுகிறது. புகழ்பெற்ற கடிகாரங்கள் தோன்றிய நாளிலிருந்தே இந்தத் தொல்லையும் உண்டு. பாரிஸின் ஆப்ரகாம்-லூயி பிரகே தன் பெயரில் போலிகள் பெருகியதைக் கண்டு, 1795 வாக்கில் டயலில் ஒரு ரகசியக் கையெழுத்தைப் பொறிக்கத் தொடங்கினார். பெரிய எழுத்தைச் சிறிதாகக் கீறும் பாண்டோகிராஃப் கருவியால் செய்தது அது. வெளிச்சம் சாய்ந்து விழும்போது மட்டும் கண்ணுக்குத் தெரியும். இந்தியாவின் 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டம் பொய்ச் சின்னம் இடுபவருக்கும் அதை விற்பவருக்கும் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

இயந்திரத்தை நகல் எடுப்பதற்கு வேறு கணக்கு. காப்புரிமைக்கு வயது உண்டு. இந்தியா உட்படப் பெரும்பாலான நாடுகளில் இருபது ஆண்டு. அதன்பின் அந்த அறிவு எல்லோருக்கும் பொது. ஈடிஏ 2824-இன் காப்புரிமைகள் காலாவதியானதால்தான் சுவிட்சர்லாந்தின் செலிட்டாவும் சீனாவின் ஸீகல்லும் அதே அளவில், அதே அமைப்பில் தங்கள் பெயரிலேயே மூவ்மெண்ட் செய்து விற்க முடிகிறது. விலை கொடுத்து வாங்கிய நகல்களும் உண்டு. சீன விமானப்படைக்கு நிறுத்துகடிகாரம் வேண்டும் என்றபோது, தியான்ஜின் கடிகார ஆலை 1960-களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் வீனஸ் நிறுவனத்திடமிருந்து 175 என்ற மூவ்மெண்டைச் செய்யும் இயந்திரங்களை வாங்கியது. அதன் வழித்தோன்றலான எஸ்டி19 இன்றும் உற்பத்தியில் இருக்கிறது. பொழுதுபோக்காளர்கள் விரும்பி வாங்கும் இயந்திர நிறுத்துகடிகாரமும் அதுவே.

என் கருத்து இதுதான். வடிவத்தை மாதிரியாக எடுங்கள், இயந்திரத்தைப் படித்துச் செய்யுங்கள். டயலை வெறுமையாக விடுங்கள், அல்லது உங்கள் பெயரை எழுதுங்கள். அடுத்தவர் பெயரை எழுதினால், வாட்ச் கைமாறும் ஏதோ ஒரு நாளில் யாரோ ஒருவர் ஏமாறுவார்.

கெண்டலுக்குப் பின் வந்த நகல்களில் என்னை மிகவும் நெகிழவைப்பது பிரகேயின் 160-ஆம் எண் கடிகாரத்தின் கதை. 1783-இல் மரி ஆந்துவானெத் அரசிக்காகக் கேட்கப்பட்டது. அக்காலத்தில் கடிகாரத்தில் செய்யத் தெரிந்த அத்தனையும் அதில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அரசி 1793-இல் கொல்லப்பட்டார், பிரகே 1823-இல் இறந்தார். கடிகாரம் 1827-இல்தான் முடிந்தது. 1983-இல் ஜெருசலேம் அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து அது திருடு போயிற்று. திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கை போன நிலையில், 2005-இல் பிரகே நிறுவனத்தின் தலைவராக இருந்த நிக்கோலாஸ் ஹாயெக் அதன் நகலைச் செய்யச் சொன்னார். மூலம் கையில் இல்லை. ஆவணங்களும் பழைய வரைபடங்களும் புகைப்படங்களும் மட்டும். அதை வைத்து 823 உறுப்புகளை மீட்டெடுத்தார்கள். அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதே திருடுபோன மூலம் மீண்டும் கிடைத்த செய்தி 2007-இல் வந்தது. 2008-இல் நகல் வெளியானபோது அதற்கு இட்ட எண் 1160. மூலத்தின் எண்ணைத் திருடாமல், அதன் வம்சம் என்று மட்டும் சொல்லும் எண்.

இந்தியாவிலும் கைக்கடிகாரத் தொழில் உரிமம் பெற்ற நகலாகவே தொடங்கியது. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு பெங்களூரில் அரசு நிறுவனமான எச்எம்டி வாட்ச் செய்யத் தொடங்கியது. அதன் சாவி கொடுக்கும் ஜனதா வாட்ச் எத்தனையோ வீடுகளில் முதல் சம்பளத்தின் அடையாளம். 2016-இல் வாட்ச் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்த பிறகு சேகரிப்பாளர்களின் ஆர்வம் கூடியது. பல பழைய வாட்சுகளிலிருந்து கழற்றிய உறுப்புகளைக் கோத்து, புதிதாக வண்ணம் அச்சிட்ட டயலை மாட்டி விற்பவர்களும் பெருகினார்கள். நிறுவனம் ஒருபோதும் வெளியிடாத நிறத்தில் பளபளக்கும் டயல், பொருந்தாத கிரவுன், பழைய கேஸில் புத்தம் புதுப் பூச்சு ஆகியவை அதன் அறிகுறிகள். இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியைச் சேர்ந்த வெளிநாட்டு வாட்சுகளில் இருளில் ஒளிரும் எண்களுக்கு ரேடியம் கலந்த பூச்சு தடவியிருப்பார்கள். ஒளிர்வது நின்றிருக்கும், ஆனால் ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு. அந்தப் பூச்சை ஒருபோதும் சுரண்டக் கூடாது. இன்றைய டயல்களில் ஒளிர்வது கதிரியக்கம் இல்லாத ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட்.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது, முதலில் தேதி காட்டும் சிறிய ஆட்டோமேட்டிக் வேண்டாம். யூனிடாஸ் 6497-ஐத் தேடுங்கள், அல்லது அதன் சீன நகலான ஸீகல் எஸ்டி36-ஐ. சட்டைப்பைக் கடிகாரத்துக்காக வடிவமைத்தது, 36.6 மி.மீ. விட்டம், தேதியோ ஆட்டோமேட்டிக் அமைப்போ கிடையாது, ஒவ்வொரு சக்கரமும் கண்ணுக்குத் தெரியும். இரண்டு நல்ல திருப்புளி, ஒரு சாமணம், கண்ணில் இடுக்கும் ஒரு லென்ஸ் போதும். கழற்றும் முன் முதன்மை வில்லின் இறுக்கத்தை முழுவதும் தளர்த்திவிட வேண்டும். மறந்து கவையை எடுத்தால் சக்கரங்கள் வெறிகொண்டு சுற்றிப் பல் உடையும். பேலன்ஸை முதலில் எடுத்து, தொங்கவிடாமல் தட்டையாகக் கிடத்தி, கிண்ணம் போட்டு மூடுங்கள். மூவ்மெண்டோடு ஒரு முழு பேலன்ஸையும் உதிரியாகச் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. புதுக்கைகளில் முதலில் கெடுவது அந்தச் சுருள்தான்; கெட்ட சுருளை நேராக்க முயன்று பார்க்கும் பயிற்சிக்கும் அந்த உதிரி உதவும்.